ஒற்றை நட்சத்திரத்துக்கு ஒரு பதில்

அன்புள்ள வாசகர்களுக்கு,

நம் ஊர்க் கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள்: ‘நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.’ எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்த வாசகமோ, கன்னியாகுமரியிலும் பார்க்கலாம், கும்மிடிப்பூண்டியிலும் பார்க்கலாம். அந்த ஏற்பாடு இப்போது தலைகீழாகிவிட்டது. நிறை கண்டவர் கல்லாவில் காசு கொடுக்கும்போது “சாப்பாடு பிரமாதம்ணே” என்று முதலாளி காதில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். குறை கண்டவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெளியே வந்து, பைக்கில் சாய்ந்து நின்று, போனை எடுத்து ஊர் உலகத்துக்கே சொல்லிவிடுகிறார்.

சமீப காலமாக நமக்கு வரும் கடிதங்களில் இந்த வருத்தம் அடிக்கடி தலைகாட்டுகிறது. மெஸ் நடத்துகிறவர், வீட்டோடு தையல் கடை வைத்திருக்கும் அம்மா, செல்போன் சர்வீஸ் செய்யும் தம்பி, சின்ன ஊரில் பல் கிளினிக் போட்டிருக்கும் டாக்டர் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “கூகுள்ல ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டுட்டார். அதை எப்படி எடுக்கிறது?”

எடுக்க முடியாது. முதலில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு வந்த கருத்தை நீங்கள் அழிக்க வழியில்லை. ‘எனக்குக் கருத்தே வேண்டாம்’ என்று மூடி வைக்கவும் வழியில்லை. கெட்ட வார்த்தை, மிரட்டல், விளம்பரம், கடைக்குச் சம்பந்தமே இல்லாத அரசியல், எதிர்க்கடைக்காரர் கைவரிசை, இப்படி விதிமீறல் இருந்தால் புகார் கொடுக்கலாம், பார்த்து நீக்குவார்கள். ‘சாம்பார் புளித்துவிட்டது’ என்று அவர் எழுத, ‘காலையில் வைத்த சாம்பார், எப்படிப் புளிக்கும்?’ என்று நீங்கள் கேட்டால், அந்தப் பஞ்சாயத்துக்கு கூகுள் வராது. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது தங்கள் வேலை இல்லை என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஆளின் கருத்துக்கு இவ்வளவு பதற்றமா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதற்றத்தின் நியாயம் புரியும். உங்கள் கடைக்கு மொத்தம் 20 பேர் மதிப்பிட்டு, சராசரி 4.5 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 4.3 ஆகிவிடும். பழைய 4.5க்குத் திரும்ப வேண்டுமென்றால் இன்னும் 7 பேர் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். ஆயிரக்கணக்கான மதிப்பீடு குவிந்து கிடக்கும் பெரிய ஜவுளிக் கடைக்கு இதே ஒற்றை நட்சத்திரம் கொசுக்கடிகூட இல்லை. ஆகவே இது சின்னக் கடைக்காரருக்கே உரிய வலி.

வலி மட்டும் இல்லை, வரும்படியும் இதில் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூகா 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானக் கணக்கை அரசின் வரித்துறையிடமிருந்து வாங்கி, வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் ‘யெல்ப்’ தளத்தில் அவற்றுக்கு விழுந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் வரை கூடியது. இந்த ஏற்றம் தனி முதலாளிகள் நடத்தும் உணவகங்களுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு நட்சத்திரத்தால் பெரிய மாற்றம் இல்லை. யோசித்தால் நமக்கே புரிகிற விஷயம். பெயர் பெற்ற பவனில் தோசை எப்படி இருக்கும் என்று மதுரைக்காரருக்கும் தெரியும், வேலூர்க்காரருக்கும் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸில் மீன் குழம்பு எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? முன்பு ஆட்டோக்காரர் சொன்னார். இப்போது போன் சொல்கிறது.

சரி, எடுக்க முடியாது, விட்டுவிடவும் முடியாது. மிச்சம் இருப்பது பதில் எழுதுவது. இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கடையில் நின்றால் இவர்களைப் போல் பேசத் தெரிந்தவர்கள் கிடையாது. முறைத்துக்கொண்டு வருகிற ஆளை “வாங்க சார், முதல்ல உட்காருங்க, ஒரு காபி சாப்பிடுங்க” என்று பாதி கோபத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிடுவார்கள். அதே மனிதர் போனைக் கையில் எடுத்ததும் ஒன்று ஊமையாகிவிடுகிறார், இல்லை வக்கீலாகிவிடுகிறார்.

தையல் கடை அம்மா அனுப்பிய கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு வந்த கருத்து இது: ‘தீபாவளிக்கு முந்தின நாள் தரேன்னு சொன்னாங்க. தரலை. சும்மா சும்மா அலைய விட்டாங்க. பிளவுஸ் கை வேற டைட்.’ இதற்கு அவர் எழுதி வைத்திருந்த பதில்: ‘நீங்க துணி கொடுத்ததே தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி. அளவு பிளவுஸும் கொடுக்கலை. பாக்கிப் பணம் இன்னும் நிக்குது. பொய் எழுதாதீங்க.’ நல்ல வேளையாகப் போடுவதற்கு முன்னால் நமக்கு எழுதிக் கேட்டார்.

அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். புதிதாக அந்தத் தெருவுக்குக் குடிவந்து, நல்ல தையல் கடை எது என்று போனில் தேடுகிற ஒரு பெண் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? அளவு பிளவுஸ் கொடுத்தாரா, பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? ‘இந்தக் கடையில் ஏதாவது கேட்டால் சண்டைக்கு வருவார்கள் போலிருக்கிறது’ என்று அடுத்த கடையைத் தொட்டுவிடுவார். எழுதியவர் ஒருத்தர்; படிக்கப்போகிறவர்கள் ஊரில் பாதிப் பேர். பதில் அவர்களுக்குத்தான். பத்திரிகைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். திட்டி வந்த கடிதத்துக்கு ஆசிரியர் பதில் அச்சாகும்போது, எழுதியவர் படிக்கிறாரோ இல்லையோ, மற்ற வாசகர்கள் எல்லாரும் படிப்பார்கள்.

அவருக்கு நாம் யோசனை என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் பிளவுஸோடு கடைக்கே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மட்டும் கேட்டோம். சட்டென்று பதில் வந்தது: “உள்ளே துணி விட்டுத்தாங்க தைச்சிருக்கேன். கொடுத்தா நிக்கிற நேரத்துல பிரிச்சு லூஸ் பண்ணிக் கொடுத்திருப்பேன்.” அதைத்தான் எழுத வேண்டும். கடைசியில் அவர் போட்டது இது: ‘பண்டிகை நேரத்தில் உங்களை அலைய விட்டது எங்கள் தப்புதான், மன்னிக்கணும். தாமதமாகும் என்று தெரிந்ததுமே போன் செய்திருக்க வேண்டும். கையில் உள்ளே துணி விட்டிருக்கிறோம். எடுத்து வாருங்கள், காத்திருக்கும்போதே தளர்த்தித் தருகிறோம், காசு வேண்டாம். இனிமேல் தீபாவளி ஆர்டரைப் பத்து நாள் முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம்.’

இதைப் படிக்கும் புதுப் பெண்ணுக்கு என்னென்ன தெரிகிறது பாருங்கள். கை டைட்டாக இருந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். உள்ளே துணி விட்டுத் தைக்கிற கடை. தீபாவளிக்குச் சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும். காசு கொடுத்து நோட்டீஸ் அடித்தாலும் இவ்வளவு நயமாகச் சொல்ல வராது.

ஊமையாகிவிடுகிறவர்கள் வேறு ரகம். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக’ என்று ஒரே வரியை எல்லார் தலையிலும் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள். சாப்பாட்டில் முடி கிடந்தது என்று எழுதியவருக்கும் ‘மீண்டும் வருக’. எதற்காக வர வேண்டும்? இதற்குப் பதில் எழுதாமலே இருக்கலாம்.

பதில் எழுதுவதால் நட்சத்திரம் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். டேவிடே புரோசெர்பியோ, ஜியார்ஜியோஸ் ஸெர்வாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பயணிகள் கருத்து எழுதும் டிரிப்அட்வைசர் தளத்தில் தங்கும் விடுதிகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் எழுதினார்கள். பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளுக்குக் கருத்துகளின் எண்ணிக்கை 12 சதவிகிதம் கூடியது, சராசரியும் 0.12 நட்சத்திரம் ஏறியது. ஏற்றம் சின்னதுதான், ஆனால் அதற்கு அவர்கள் கண்ட காரணம் சுவாரஸ்யமானது. முதலாளி படிக்கிறார், பதிலும் போடுகிறார் என்று தெரிந்ததும், போகிற போக்கில் கல்லெறிகிறவர்கள் தயங்குகிறார்கள். குறை எழுதுகிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது. எழுதுகிற சிலரும் நீளமாக, விவரமாக எழுதுகிறார்கள்.

சூட்டோடு சூடாகப் பதில் போடாதீர்கள். ராத்திரி கடை சாத்திவிட்டு, கால் கடுக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அந்த அலுப்பில் எழுதுகிற பதிலைப் போல ஆபத்து வேறில்லை. காலையில் வீட்டில் யாரிடமாவது ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள். கிளினிக் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ‘இவருக்குச் சர்க்கரை எகிறிக் கிடந்தது, சொன்ன மாத்திரையைச் சாப்பிடவில்லை’ என்று நோயாளியின் கதையை ஊருக்கு முன்னால் அவிழ்த்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், அதைப் படிக்கிற அடுத்த நோயாளி உங்களிடம் வாய் திறக்கப் பயப்படுவார். ‘நேரில் வாருங்கள், பேசிக்கொள்வோம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிநாட்டில் இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. இரண்டுமே 2014இல் நடந்தவை. இங்கிலாந்தின் பிளாக்பூலில் ஒரு விடுதி, தன்னைத் திட்டி எழுதிய தம்பதியின் கார்டிலிருந்து 100 பவுண்டு அபராதம் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் இன்னொரு விடுதி, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி யாராவது மோசமாக எழுதினால் கல்யாண வீட்டாரிடம் ஆளுக்கு 500 டாலர் பிடிப்போம் என்று அறிவித்திருந்தது. செய்தி பரவியதும் பிளாக்பூல்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஹட்சன் விடுதியின் கருத்துப் பக்கத்தில், அந்த ஊர்ப்பக்கமே போகாதவர்கள் எல்லாம் வந்து ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டித் தீர்த்தார்கள். நம் ஊரில் இன்னும் அபராதம் வரை போகவில்லை. “போன் நம்பர் என்கிட்ட இருக்கு, பார்த்துக்கிறேன்” வரை போயிருக்கிறார்கள். அதுவும் எழுத்தில்!

பதில் எழுதுவதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது: உட்கார்ந்து படிப்பது. நமக்குப் பழக்கமான மெஸ்காரர் ஒருவர், மதியப் பந்தி முடிந்த ஒரு நாளில் தன் மெஸ்ஸுக்கு வந்த கருத்துகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பில் புக்கின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எதைப் பற்றி எத்தனை பேர் குறைபட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தார். ருசியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். ருசியைக் குறை சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒற்றை நட்சத்திரத்தில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: ‘திறந்திருக்குன்னு காட்டுச்சு, வந்தா பூட்டியிருக்கு’, ‘நாலு மணிக்குப் போனேன், சாப்பாடு இல்லைன்னுட்டாங்க’, ‘மேப் கூட்டிட்டுப் போன இடத்துல மெஸ்ஸே இல்லை’.

காரணம் தேடப் போனால், எப்போதோ அக்கா மகன் ஆரம்பித்துக் கொடுத்த கூகுள் பக்கத்தில் ‘காலை 7 முதல் இரவு 10 வரை’ என்று மொத்தமாகப் போட்டு வைத்திருந்தது. மெஸ்ஸோ மதியம் மூன்றரைக்கு மூடி ஏழு மணிக்குத்தான் திறக்கும். அமாவாசை அன்று விடுமுறை. இது உள்ளூர்க்காரர்களுக்கு மனப்பாடம். சேலத்திலிருந்து வேலையாக வந்து பசியோடு நிற்கிற விற்பனைப் பிரதிநிதிக்கு எப்படித் தெரியும்? மேப்பில் குத்தியிருந்த புள்ளியும் அடுத்த சந்தில் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக நேரத்தைப் பிரித்துப் போட அதில் வசதி உண்டு. குறிப்பிட்ட தேதிக்கு விடுமுறை போடவும் உண்டு. புள்ளியை நகர்த்தலாம். அடுப்படியில் ஒரு கரண்டியைக்கூட மாற்றாமல் பாதிப் புகார் நின்றது.

அதே வாசிப்பில் இன்னொன்றும் கிடைத்தது. ‘பரிமாறுற கண்ணாடி போட்ட அண்ணன் கேட்காமலே ரெண்டாவது தடவை ரசம் ஊத்தினார், பாட்டிக்குக் குழைய வடிச்ச சாதம் தேடிக் கொண்டு வந்து கொடுத்தார்’ என்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்காரருக்கு இது தெரியவே தெரியாது. முதலாளி எல்லாரையும் நிற்க வைத்து வாசித்துக் காட்டியபோது, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாராம். சம்பளமும் கொஞ்சம் ஏறியது என்று கேள்வி.

நட்சத்திரத்தை மட்டும் பார்த்து மனம் உடையாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘அருமையான கடை, நல்ல மனிதர், வாழ்க வளர்க’ என்று எழுதிவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுகிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒன்று என்றால் முதலிடம் என்று நினைத்திருப்பார்கள், பாவம். அவர்களுக்கு மரியாதையாக விளக்கிச் சொன்னால் திருத்திவிடுவார்கள். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் தன் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, நல்ல கருத்து வர என்ன செய்வது? கேட்டு வாங்கலாம், கொடுத்து வாங்கக் கூடாது. கல்லாவில் பணம் கட்டுகிற க்யூஆர் அட்டைக்குப் பக்கத்திலேயே கருத்து எழுதுவதற்கான க்யூஆரையும் ஒட்டி வைக்கலாம். கூகுளே அதை இலவசமாக உருவாக்கித் தருகிறது. சர்வீஸ் முடித்துப் போனைக் கையில் கொடுக்கும்போது “டைம் இருந்தா ரெண்டு வரி எழுதிவிடுங்கண்ணே” என்று சொல்லலாம். நம் ஆட்களுக்கு இப்படிக் கேட்கக் கூச்சம். திருப்தியாகப் போகிறவர் தானாக எழுதுவது அபூர்வம். கேட்டால் பலர் எழுதுவார்கள். ஆனால் ‘5 ஸ்டார் போட்டால் ஒரு ஜூஸ் இலவசம்’ என்று போர்டு வைப்பதும், பில்லில் பத்து சதவிகிதம் கழிப்பதும் கூகுள் விதிப்படி தவறு. முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாகப் போகிறவரிடம் மட்டும் கேட்டு, கடுகடுவென்று போகிறவரைத் தவிர்ப்பதும் தவறுதான். இந்த இரண்டாவது விதி பலருக்குத் தெரியாது.

எல்லாரும் ஐந்து போட்டால்தான் நல்லது என்றும் இல்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பீகல் மையம் ஆன்லைனில் விற்கும் பொருள்களை வைத்து 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சராசரி 4.0க்கும் 4.7க்கும் இடையில் இருக்கும்போதுதான் வாங்குகிறவர்கள் அதிகம். 5ஐ நெருங்க நெருங்க வாங்குவது குறைகிறது என்றது. அப்பழுக்கே இல்லை என்றால் சனங்கள் சந்தேகப்படுகிறார்கள்.

சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. ‘நூறு ரிவ்யூ போட்டுத் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்க்காத கடைக்காரர் இன்று இல்லை. அப்படி வாங்கிய கருத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எழுதியவர் பெயரைத் தொட்டுப் பாருங்கள்: அதே ஆள் ஒரே வாரத்தில் லக்னோவில் பல் கட்டியிருப்பார், சூரத்தில் மார்பிள் வாங்கியிருப்பார், கரூரில் பரோட்டா சாப்பிட்டிருப்பார். எல்லா இடத்திலும் ஒரே பாராட்டு. லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர், பத்துப் பவுண்டுக்கு ஒன்று என்று பொய்க் கருத்து எழுதிப் பிழைத்தவர், 2017இல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையையே உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்தார். அடுப்பே எரியாத அந்த ‘தி ஷெட் அட் டல்விச்’, நண்பர்கள் எழுதிய பொய்க் கருத்துகளாலேயே 18,000க்கும் மேற்பட்ட லண்டன் உணவகங்களைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. படத்தில் இருந்த ‘உணவு’ ஒன்றில் ஷேவிங் நுரை, இன்னொன்றில் அவருடைய குதிகால்! எந்நேரமும் ‘டேபிள் நிரம்பிவிட்டது’ என்று சொல்லச் சொல்ல, இடம் கேட்டு இன்னும் அதிகம் பேர் போன் செய்தார்களாம்.

அந்தக் காலம் மெல்ல முடிந்துகொண்டு வருகிறது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் சந்தையில் விற்கிறவர் தானே வாடிக்கையாளர் வேடம் போட்டுத் தன் பொருளுக்குக் கருத்து எழுதக் கூடாது. கருத்துகளைத் திரட்டி வெளியிடுகிற தளங்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டு வந்தது. கொண்டு வந்தபோது அது கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது. அமெரிக்காவில் பொய்க் கருத்தை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. பிரிட்டனில் பொய்க் கருத்து வாங்கிய கடையின் பக்கத்திலேயே எச்சரிக்கை ஒட்ட கூகுள் ஒப்புக்கொண்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், காசு கொடுத்து வாங்கிய நூறையும் கூகுள் ஒரே நாளில் துடைத்துப்போட்டால், கூடவே உண்மையாக வந்த சிலதும் போய்விடலாம் என்பதை யோசியுங்கள்.

‘ஓட்டலுக்கு ஸ்டார் போட்டால் தினமும் காசு’ என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் டெலிகிராமுக்கு வரும் வேலைவாய்ப்பும் இதே குட்டையில் ஊறியதுதான். முதல் இரண்டு நாள் சில நூறு ரூபாய் தருவார்கள். பிறகு ‘டாஸ்க்’குக்கு முன்பணம் கட்டச் சொல்லி உருவிவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு போன் செய்யுங்கள்.

மிரட்டலும் உண்டு. 2022 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவின் பெயர் பெற்ற உணவகங்கள் சிலவற்றுக்கு அடுக்கடுக்காக ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. பின்னாலேயே மின்னஞ்சல் வந்தது: 75 டாலருக்கு கூகுள் ப்ளே கிஃப்ட் கார்டு அனுப்பினால் நிறுத்துகிறோம். இப்படி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் விடமாட்டார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு கூகுளுக்கும் சைபர் கிரைமுக்கும் புகார் கொடுங்கள். “கூகுள்ல இருந்து பேசுறோம், உங்க லிஸ்டிங் காலாவதி ஆகுது, ஜிஎஸ்டியோட இவ்வளவு கட்டுங்க” என்கிற போனுக்கும் இதே மரியாதைதான். கடையின் பக்கம் முழுக்க இலவசம். அதற்குக் காலாவதி கிடையாது.

சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். பக்கத்தைத் திறந்து கொடுத்த பையன் தன் மின்னஞ்சலில் திறந்திருப்பான். வேலையை விட்டுப் பெங்களூரு போயிருப்பான். பதில் எழுத நினைத்தாலும் உங்களால் எழுத முடியாது. உரிமை கேட்டு கூகுளுக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவன் போன் எடுக்கிற காலத்திலேயே கேட்டு மாற்றிக்கொள்வது சுலபம்.

இவ்வளவும் கடைக்காரர்களுக்கு. கடை வைக்காத வாசகர்கள்தானே நம்மிடம் அதிகம். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். குறை எழுதுங்கள், தயங்க வேண்டாம். என்றைக்குப் போனீர்கள், என்ன வாங்கினீர்கள், கடைக்காரரிடம் சொன்னீர்களா, அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘வேஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவரும் எதையும் திருத்த முடியாது, அடுத்தவரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சரிசெய்து கொடுத்துவிட்டார் என்றால் மறுபடி போய் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பார்க்கிங் இல்லாததற்கு ஒரு ஸ்டார் போடாதீர்கள் ஐயா. எட்டுக்குப் பத்து அடிக் கடைக்காரர் பார்க்கிங்குக்கு எங்கே போவார்?

இன்னொரு விஷயம். உங்கள் கடைக்கு வந்த கருத்துகளில் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நிறுத்தி வைத்திருப்பதை நமக்கு அனுப்புங்கள். எழுதியவர் பெயரையும் கடைப் பெயரையும் அடித்துவிட்டு, கடையில் நேரில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கீழே உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். பிழை, இலக்கணம் பார்க்க வேண்டாம். வருகிறவற்றில் சிலவற்றை அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கத்துக்குப் போட எண்ணம். தையல் கடை அம்மா தன்னுடையதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி முதல் ஆளாக அனுமதி கொடுத்துவிட்டார். அந்தப் பிளவுஸ் இன்னும் வரவில்லையாம், பாக்கியும்தான்.

அன்புடன்,
ஆசிரியர்